ரத்தத்தில் ஊறிய குடியா?

கேள்வி: அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். எனக்கும் அது ரத்தத்தில் இருக்குமா?

பதில்: ஓரளவு இருக்கலாம். 1973-ல் டொனால்ட் குட்வின் குழு டென்மார்க்கில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டது. பெற்றோரில் ஒருவர் குடிநோயாளி. மகனோ கைக்குழந்தையிலேயே தத்துப்போனவன். பெற்றவர் குடித்ததைக் கண்ணால்கூடக் கண்டிராத இப்படிப்பட்ட மகன்களுக்கு, மற்ற தத்துப்பிள்ளைகளைவிட ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாகக் குடிநோய் வந்திருந்தது. 55 பேரில் 10 பேருக்கு. மீதி 45 பேருக்கு வரவில்லை. உங்கள் பெயரை அந்த 45-ல் எழுதிக்கொள்ளுங்கள். முதல் கிளாஸைத் தொடாவிட்டால் எந்த மரபணுவும் உங்களை அசைக்க முடியாது.

கேள்வி: என் நண்பன் எவ்வளவு குடித்தாலும் தள்ளாட மாட்டான். கெட்டி உடம்புதானே?

பதில்: அவனுக்காகக் கவலைப்படுங்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் மார்க் ஷக்கிட் இளைஞர்களுக்கு மது கொடுத்துப் பார்த்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். போதை குறைவாக ஏறியவர்களே பிற்பாடு அதிகம் குடிநோயில் விழுந்தார்கள். ‘போதும்’ என்று உடம்பு சொல்லாவிட்டால் கை எப்படி நிற்கும்?

கேள்வி: ஜப்பானியர் பலருக்கு ஒரு மடக்கிலேயே முகம் சிவந்துவிடுமாமே?

பதில்: ஆம். மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். அதை முறிக்கும் நொதி அவர்களில் பலருக்குப் பிறவியிலேயே மந்தம். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையும் இந்த நொதியைத்தான் முடக்குகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் நொதியை மந்தமாக்கும் இந்த மரபணு மாற்றத்தைப் பெற்றவர்கள் குடிநோயாளிகள் ஆவது மிக அபூர்வம். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் கதை வேறு. ஜப்பானியக் குடிநோயாளிகளில் இவர்களின் பங்கு 1979-ல் 2.5 சதவீதம், 1992-ல் 13 சதவீதம். பதின்மூன்றே ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. மாறியது ஊர்ப்பழக்கம். முகம் சிவந்தும் விடாமல் குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது.

கேள்வி: மகனுக்கு மரபணுச் சோதனை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குடிக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. பல சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாக இழுக்கின்றன. சோதனைக்குப் பதிலாக, குடித்தே போன தாத்தா எப்படிச் செத்தார் என்பதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ‘மாரடைப்பு’ என்று சொல்லி வைத்திருந்தால் இன்றே திருத்துங்கள்.