சேதுச் சீமைக் கிட்டாரும் வாட்டுக் கணக்கும்

கிட்டார் வாசிப்பவருக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபையர் தேவை என்ற வினாவை உலகம் இதுநாள்வரை கிட்டாரிஸ்டுகளிடமே கேட்டு வந்திருக்கிறது. ஆகவே விடையும் ‘இப்போது இருப்பதைவிடக் கூடுதலாக’ என்றே வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டாரையோ, மைக் செட்காரரையோ, காற்றையோ, உப்பையோ ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கும்பொருட்டு எழுந்தது இந்த ஆய்வு.

களமாக மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்னும் கரை கொள்ளப்பட்டது. இங்கே கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி உண்டு. தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் உண்டு. எந்தத் தெருவில் நின்றாலும் காற்று உண்டு. மேலும், இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் சத்தம் தாங்காமல் ஓடுகிறவர் அதிக தூரம் ஓட முடியாது. ஆய்வாளனுக்கு இதைவிட வசதியான களம் அமையாது.

முதலில் வரையறை. வாட் என்பது ஆம்ப் கொடுக்கும் மின்திறன். டெசிபல் என்பது காதுக்கு வந்து சேர்வது. இரண்டும் ஒன்று என்று நம்பித்தான் தமிழ்நாட்டில் பாதி ஆம்ப்கள் விற்கின்றன. உண்மையில் வாட்டை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். ‘கொஞ்சம் ஏத்தின மாதிரி இருக்கு’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார், அவ்வளவுதான். கேட்கிறவருக்குச் சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக 5 வாட் ஆம்ப்பை விற்றுவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் திட்டு வாங்கி 100 வாட் வாங்குகிறவர் இருபது மடங்கு திறனுக்குப் பணம் கொடுக்கிறார்; பெறுவது 13 டெசிபல். காதுக்கு அது இரண்டரை மடங்கு போலத் தோன்றும். மீதிப் பதினேழரை மடங்கு எங்கே போயிற்று என்பதை இக்கட்டுரை பின்னர் கண்டுபிடிக்கும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம்: கடைத்தெருவில் 3000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி விற்கிறதே, அது எப்படி? அந்தப் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பார்க்க. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 24 வாட். உள்ளே போவது 24, வெளியே வருவது 3000. ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குக் காணும்படியான அந்தப் புதுமைக்குப் பிறகு இப்படியொன்று நிகழ்ந்திருப்பதைப் பாடகர் குழுக்களாவது கவனித்திருக்க வேண்டாமா? ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். அது கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு கற்பனை உச்சத்தை வைத்துப் போடும் கணக்கு. அதற்கு இயற்பியலில் இடமில்லை. இலக்கியத்தில் உயர்வு நவிற்சி அணி என்று இடம் உண்டு.

அடுத்து வீட்டு வாசிப்பு. கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் சாதாரணப்பட்டதல்ல. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல், நல்ல ஸ்பீக்கராக இருந்தால் 100 டெசிபல் வரை தரக்கூடியது. இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரையறை பகலில் 55 டெசிபல், இரவில் 45. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 55 டெசிபலுக்குள் அடங்கி வாசிக்க விரும்பும் உத்தமர் ஒரு வாட்டைப் பதினாறாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் 15,999 பங்கு வீட்டில் சும்மா கிடக்கும். நூறு வாட்காரர் வீட்டில் எவ்வளவு சும்மா கிடக்கும் என்பதை வாசகர் கணக்கிட்டுக்கொள்க.

இந்த விதிகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை என்று விதி சொல்கிறது. இதை எழுதியவர்கள் ஒருநாளும் விசைப்படகில் போகாதவர்கள். இந்தக் கரையில் இரவெல்லாம் வலை இழுத்து விடிகாலையில் கரை சேர்ந்து, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து படுப்பவருக்குக் காலை பதினோரு மணிதான் நடுச்சாமம். அப்போது பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் சட்டப்படி பகல் என்று நம்பி ஆம்ப்பைப் போடுகிறான். “தம்பி, அண்ணன் இப்பத்தான் படுத்தாக” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். சட்டப் புத்தகத்தின் 55 டெசிபலைவிட அந்தக் குரலுக்கு அதிகாரம் அதிகம், உடனே அமலாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அண்ணன்கள் முழுநேரமும் வீட்டில் இருக்கிறார்கள், கல்லூரியும் விடுமுறை. கிட்டார் பழக ஏற்ற காலமும் இதுவே, ஆம்ப் போட ஏலாத காலமும் இதுவே. இக்காலத்துக்குரிய வாட் பூஜ்யம். ஹெட்போன் ஒன்றே கதி.

பூஜ்யம் என்றவுடன் இளக்காரம் வேண்டாம். நாதசுரமும் தவிலும் ஒரு வாட் கூட வாங்காமல் ரத வீதி முழுக்கக் கேட்கின்றன. எஸ்.ஜி. கிட்டப்பா ஒலிபெருக்கிக்கு முந்திய நாடக மேடைகளில் பாடியே பேர் வாங்கி 1933-இல் மறைந்தார். கடைசி வரிசைக்காரர் காசைத் திருப்பிக் கேட்டதாகச் செய்தி இல்லை. சினிமா வாத்தியக் குழுக்களில் கிட்டார் வாசித்து வந்த இளையராஜா, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் தேறியது செவ்வியல் கிட்டாரில். அந்த வகைக் கிட்டாருக்கு ஒயர் செருகும் துளையே கிடையாது.

பிறகு ஏன் 100 வாட் என்று ஒன்று பிறந்தது? இதற்கு லண்டன் போக வேண்டும். 1965 வாக்கில் ‘தி ஹூ’ குழுவின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்சென்ட் தமக்கு இருக்கும் சத்தம் போதாது என்று ஜிம் மார்ஷலிடம் முறையிட, அவர் கடையில் 100 வாட் ஆம்ப் உருவாயிற்று. அப்போது அதில் நியாயம் இருந்தது. அன்றைய மேடையில் மைக்கும் பாக்ஸும் பாடகரின் குரலுக்கு மட்டும். கிட்டார் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதே 1965 ஆகஸ்ட் 15 அன்று பீட்டில்ஸ் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000-க்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார்கள். வாக்ஸ் கம்பெனி அவர்களுக்காகவே 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்திருந்தது. கூட்டம் போட்ட கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. வாட்டால் கூட்டத்தை வெல்ல முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதன்பின் அங்கே மைக் செட் வளர்ந்தது, ஆம்ப்புக்கு முன்னாலும் ஒரு மைக் வந்தது, தேவை தீர்ந்தது. கௌரவம் மட்டும் தீரவில்லை.

நம்மூர் மேடைக்கு வருவோம். கச்சேரியில் கிட்டாரிஸ்டுக்குப் பின்னால் ஆம்ப் ஒன்று உட்கார்ந்திருந்தாலும், பெரும்பாலும் அவர் காலடியில் இருக்கும் எஃபெக்ட் பெட்டியிலிருந்து ஒரு லைன் நேரே மிக்ஸருக்குப் போய்விடுகிறது. ஆம்ப்புக்குப் பொட்டு வைத்துக் கும்பிடலாம். சத்தம் வருவது செட்காரரின் பாக்ஸிலிருந்து. மிக்ஸரில் கிட்டாருக்கு ஒரு குமிழ். அதைச் செட்காரர் எத்தனை விரற்கடை தள்ளுகிறாரோ அத்தனைதான் கிட்டாரிஸ்டின் ஆயுள். அவருக்குப் பிடித்தது குரலும் எக்கோவும். “அண்ணே, லீடு கொஞ்சம் தூக்குங்கண்ணே” என்ற விண்ணப்பம் மேடையிலிருந்து போகும்போது அவர் தலையாட்டிக்கொண்டே ரிதம் பேடைத் தூக்குவார். இந்த நிலையில் கிட்டாரிஸ்ட் மேடையில் தன் 100 வாட்டைத் திருகினால் என்ன ஆகும்? பாடகரின் மைக்குக்குள் கிட்டார் புகும், மைக் ஊளையிடும், செட்காரர் இருந்த கொஞ்ச லைனையும் மூடுவார். வாட் கூடக் கூடக் கிட்டார் குறையும் என்னும் இந்த விதியை ஆய்வுலகின் முன் முதன்முதலாக வைக்கிறோம்.

குழாய் ஸ்பீக்கர் கட்டிய தலைமுறைக்கு இதெல்லாம் தெரியும். 30 வாட் யூனிட் மாட்டிய குழாயைப் பனைமரத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கும். குழாய் வடிவம் வாட்டை வீணாக்காமல் காற்றில் இறக்கும். அதில் தாழ்ந்த சுருதி வராது, காது கூசும். ஆனால் எந்த ஊரில் விசேஷம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப்போகக் கூடும். அதனால் காற்றோடு போகும் சத்தம் வளைந்து தரைக்கே இறங்கும், எதிர்த்துப் போகும் சத்தம் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் பந்தலுக்கு மேற்கே இருக்கிற தெருவுக்குப் பாட்டு கேட்காது; கிழக்கே கடலில் நங்கூரம் போட்டிருக்கும் வள்ளக்காரர் ஒவ்வொரு பாட்டையும் கேட்டுவிட்டு மறுநாள் வந்து குறை சொல்வார். வாடை எழும்பியதும் தென்கரைக்காரருக்கு யோகம். இதோடு, மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்வது சும்மா இல்லை. ஆண் கடல் இரையும் நாளில் அந்தக் கரையில் 5 வாட் காணாது. பெண் கடல் கரையில் அதே 5 வாட்டுக்கு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். ஆம்ப் தயாரிப்பாளர்கள் பெட்டியின் மீது வாட் எண்ணைப் போடுவதைவிடத் திசையைப் போட்டால் இந்த வட்டாரத்துக்கு உபயோகமாயிருக்கும்.

கடைசியாக உப்பு. கச்சேரி நடுவில் கிட்டார் நின்றுபோனால் எல்லாரும் ஆம்ப்பைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஜாக்கை. உப்புக்காற்றில் அதன் பித்தளைப் பகுதி பச்சை பூத்து, முனை கறுத்திருக்கும். பூசிய முலாம் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். கிட்டாரிஸ்ட் அதைப் பிடுங்கி, பையிலிருந்து உப்புத்தாள் துண்டை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்து, வேட்டி நுனியில் துடைத்து, செருகி ஒரு சுற்றுச் சுற்றுவார். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு தெளிவு. அந்தச் சமயத்தில் திரும்பக் கிடைக்கும் ஒலி எந்த வாட்டாலும் கிடைக்காதது. கம்பிகளும் அப்படியே. வாசித்து முடித்துத் துடைக்காமல் வைத்தால் சில வாரங்களில் துரு விரலில் ஒட்டும்.

காணாமற்போன பதினேழரை மடங்கு எங்கே என்று இப்போது சொல்லிவிடலாம். அது சத்தமாக வருவதில்லை. விழாக் கமிட்டியாரிடம் “நூறு வாட்டு, மார்ஷல்” என்று சொல்லும்போது குரலில் வருகிறது. கமிட்டியாரும் அதைக் கேட்டுத்தான் சம்பளம் பேசுகிறார்கள். ஒரு வாதம் மட்டும் எதிர்த்தரப்புக்கு உண்டு: பெரிய ஆம்ப்பில் ஒலி உடையாமல் சுத்தமாக இருக்கும், சிறியதை முழுதாகத் திருகினால் கரகரக்கும். தேவாலயத்தில் பவனிப் பாட்டுக்குச் சுத்தமான ஒலிதான் வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தக் கரகரப்பைத்தானே மற்ற கிட்டாரிஸ்டுகள் தனியே பெடல் வாங்கி வரவழைக்கிறார்கள்? எரிக் கிளாப்டனின் ‘லைலா’ 1970-இல் பதிவானபோது அவர் வைத்திருந்தது ஃபெண்டர் சாம்ப் என்னும் ஐந்து வாட் குட்டி ஆம்ப் என்பது கிட்டாரிஸ்டுகளுக்குத் தெரிந்த கதை. ஆம்ப் வாங்கும்போது மட்டும் மறந்துவிடும்.

ஆகவே முடிபு: வீட்டுக்கு ஒன்று முதல் ஐந்து வாட், கூடவே ஒரு ஹெட்போன். மேடைக்கு 15 முதல் 30 வாட், அதன் முன்னால் செட்காரரின் மைக் ஒன்று, அவருக்கு ஒரு டீ. மிச்சப்படும் பணத்தில் நல்ல ஒயரும் முலாம் பூசிய ஜாக்கும் வாங்குங்கள். விதிவிலக்கு பேஸ் கிட்டாருக்கு மட்டுமே. தாழ்ந்த சுருதிக்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டியிருப்பதால் அதற்கு உண்மையிலேயே நூற்றுக்கணக்கில் வாட் வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது தம் நூறு வாட் கிட்டார் ஆம்ப்பை பேஸ் வாசிப்பவரிடம் தள்ளிவிட நினைத்தால் வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கர் பேஸைத் தாங்காது, கிழிந்துவிடும்.