பத்து வயதுப் பரீட்சார்த்தியின் தாய்மாமன்

யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஓகஸ்ட் மாதத்தில் விருந்தாளியாகப் போகக்கூடாது. போனால் படலையிலேயே மறித்து, "உஸ்ஸ்... படிக்கிறான்" என்பார்கள். தொலைக்காட்சியின் வயர் கழற்றப்பட்டிருக்கும். நாய் குரைத்தால் நாய்க்கு ஏச்சு விழும். உள்ளே யார் அப்படிப் படிக்கிறார் என்று எட்டிப் பார்த்தால், கால் நிலத்தில் முட்டாத கதிரையில் ஒரு சின்ன உருவம் இருந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும்.

2025இல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஓகஸ்ட் 10ஆம் திகதி வந்தது. நல்லூரில் கொடியேறியிருந்த நேரம். என் தங்கச்சியின் மகன் அந்த முறைப் பரீட்சார்த்தி. தங்கச்சி முருகனோடு படிமுறை ஒப்பந்தம் ஒன்று செய்திருந்தாள். வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் காவடி. 170ஐத் தாண்டினால் செடில் காவடி. முதுகில் செடில் குத்தப்போவது யார் என்று கேட்டேன்.

"அவன்ர தகப்பன்தான், வேற ஆர்?" என்றாள்.

மச்சான் அந்த நேரம் பக்கத்து அறையில் இருந்தார். பிள்ளை 165 எடுத்தால் போதும் என்று அவர் தனியாக ஒரு நேர்த்தி வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

இந்தப் பரீட்சைக்குத் தோற்றுவது பிள்ளை என்று பரீட்சைத் திணைக்களம் மட்டும்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. அனுமதி அட்டையில் பிள்ளையின் பெயர் இருப்பது உண்மை. ஆனால் நித்திரை முழிப்பது அம்மா, கடன்படுவது அப்பா, நெஞ்சு இடிப்பது அம்மம்மாவுக்கு. எங்கள் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். ஒவ்வொரு வலயத்திலும் முன்னோடிப் பரீட்சை நடக்கும். ஐந்து வலயத்துத் தாள்களும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. தீவகத்துத் தாளுக்காக மச்சான் அரைநாள் லீவு போட்டு வேலணைக்குப் போய் வந்தார்.

பரீட்சை இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதல் தாளில் நுண்ணறிவைச் சோதிப்பார்கள். அதில் என் மருமகன் விண்ணன். "கமலாவின் தந்தையின் ஒரே சகோதரியின் மகன் கமலாவுக்கு என்ன உறவு?" என்று கேட்டு வாய் மூடமுதல் "மச்சான்" என்பான். அந்த வருஷம் கனடாவில் இருந்து அவனுடைய அப்பாவின் அக்கா குடும்பத்தோடு வந்தா. மருமகன் "ஹாய் அன்ரி" என்றுவிட்டு உள்ளே போனான். அவவின் மகனைக் காட்டி, "உவர் உனக்கு என்ன முறையடா?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தான். "விடைகள் மூண்டையும் சொல்லுங்கோ மாமா" என்றான்.

சுற்றாடல் பாடத்திலும் அப்படித்தான். பனையில் இருந்து கிடைக்கும் உணவுகளை அவன் மூச்சு விடாமல் சொல்லுவான்: நுங்கு, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி. ஒரு விடியப்புறம் வளவுக்குள் தொப்பென்று பனம்பழம் விழுந்த சத்தம் கேட்டு எழும்பி ஓடப் பார்த்தான். அம்மம்மா குறுக்கே நின்று மறித்தா. "இரு மோனை. முதல்ல பனையின்ர பயனைப் பாடமாக்கிப்போட்டுப் போ." அவன் பாடமாக்கி முடிப்பதற்குள் பக்கத்து வளவு மாடு வந்து சுற்றாடல் கல்வியை முடித்துவிட்டுப் போய்விட்டது.

பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அது பாவம். காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, ஏழரைக்குப் பள்ளி, ஒன்றரைக்கு மணி அடித்த பிறகு அங்கேயே மேலதிக வகுப்பு, பின்னேரம் ரியூசன், இரவு வீட்டில் மாதிரி வினாத்தாள். "பள்ளிக்கூடம் எப்பிடியடா போகுது?" என்று ஒருநாள் கேட்டேன். "நல்லம் மாமா. அங்கதான் கொஞ்சம் ஆறலாம்" என்றான். உயர்தரத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆறுதலும் அவ்வளவாக வேண்டாம். பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும் என்ற விதி ஒன்று இருப்பதால்தான் பல பேர் சீருடை தோய்க்கிறார்கள். படிப்பு நடக்கிற இடம் தகரக் கொட்டகை; அங்கே வாங்குகளில் நெருக்கியடித்து இருந்து, ஒலிவாங்கியில் பேசுகிற சேரின் தலையைத் தூரத்தில் காணலாம்.

சில வருஷங்களுக்கு முன் யாழ் மாவட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. தரம் 9 வரையான பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் தனியார் வகுப்பு வைக்கக்கூடாது. பிள்ளைகள் அறநெறி வகுப்புக்குப் போகட்டும், விளையாடட்டும் என்றார்கள். நல்ல தீர்மானம். அதைக் கேட்டு எங்கள் ஒழுங்கையில் குழம்பிப்போனவர்கள் பிள்ளைகள் அல்ல, பெற்றோர். "ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில வைச்சு என்ன செய்யிறது?" என்று ஒரு தாய் உண்மையான கவலையோடு கேட்டா. பெற்ற பிள்ளையோடு ஒரு முழு நாளை எப்படிக் கழிப்பது என்பதற்குக் கடந்தகால வினாத்தாள் எதிலும் விடை இல்லை.

இத்தனைக்கும் எங்கள் நாட்டில் கல்வி இலவசம். அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அறிக்கை கொடுத்து, 1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளையைக் கெட்டித்தனம் பார்த்துத் தெரிந்தெடுத்து மத்திய கல்லூரிக்கு அனுப்பி உதவிப்பணமும் கொடுப்பதுதான் புலமைப்பரிசிலின் வேர். அந்த உதவிப்பணம் கனகாலம் மாதம் 750 ரூபாயாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1500 ஆனது. அதுவும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத்தான். மச்சான் அரசாங்க உத்தியோகத்தர், ஆகவே அவருக்கு அந்தக் காசு வராது. வராத காசுக்காக அவர் மாதாமாதம் கட்டிய ரியூசன் காசைக் கூட்டிப் பார்க்கவேண்டாம் என்று தங்கச்சி அவருக்குத் தடை போட்டிருக்கிறாள். கணிதத்தில் பிள்ளைக்கு உதவி செய்யத் தெரிந்த மனிதர் அவர். இந்த ஒரு கணக்கு மட்டும் விலக்கு.

இந்தப் படிப்பு வருத்தம் நேற்று வந்ததல்ல. அமெரிக்க மிஷன்காரர் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். 1855இல் அதை மூடியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பிள்ளைகள் ஆங்கிலம் படித்துப் போதகராக வராமல் உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்பது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற சனத்திடம் வந்து வேதம் படிப்பித்தால் வேறென்ன நடக்கும்? அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். அந்தக் காலத்தில் பதாகை அடிக்கிற கடை இருந்திருந்தால் சந்திக்குச் சந்தி அவர்கள் இருவரும் கோட் போட்டபடி தொங்கியிருப்பார்கள். கீழே, "எமது நிறுவனத்தின் தயாரிப்பு" என்று மூன்று ரியூசன்காரர் உரிமை கோரியிருப்பார்கள். தாமோதரம்பிள்ளை பிறகு ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பித்தார். சுவடி தேடப் போகிறேன் என்று இன்றைக்கு ஒரு முதல்நிலை மாணவன் சொன்னால் வீட்டில் நூல் கட்டி, விபூதி போடுவார்கள்.

சிரிக்கிறேன்தான், ஆனால் இந்தப் பயத்துக்கு முகவரி உண்டு. 1971இல் பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு 227 புள்ளி போதுமாக இருந்தபோது தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 தேவைப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பங்களில் ஒரு புள்ளி என்பது ஒரு புள்ளியாக இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீட்டை விட்டார்கள், மாட்டை அவிழ்த்து விட்டார்கள், சான்றிதழ்க் கோவையை மட்டும் பொலித்தீனில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். எரியாத சொத்து அது ஒன்றுதான் என்று அந்தத் தலைமுறை கண்டுகொண்டது. ஜாம்போத்தல் விளக்கில் படித்த கதையை என் தங்கச்சி மகனுக்கு வாரம் ஒருமுறை சொல்லுவாள். அவன் ஒருநாள், "அம்மா, உங்களுக்கு எத்தினை ரியூசன் இருந்தது?" என்று கேட்டான். கதை அன்றோடு நின்றுவிட்டது.

பயம் நியாயமானது. அதைப் பத்து வயதுப் பிள்ளையின் கொப்பிக்குள் ஒட்டி அனுப்புவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பரீட்சையை ஒரேயடியாக நிறுத்து என்றும் சொல்ல எனக்கு மனம் வராது. நெடுந்தீவில் இருந்து ஒரு பிள்ளை, யாருடைய சிபாரிசும் இல்லாமல், நகரத்துப் பெரிய பள்ளியின் வாசலுக்குள் தலைநிமிர்ந்து வர இருக்கிற வழி இதுதான். முதலாம் வகுப்பு அனுமதிக்கு எத்தனை கையெழுத்து, எத்தனை பழைய மாணவர் சங்கச் சந்தா, எத்தனை வாடகை உறுதி வேண்டும் என்று தெரிந்தவர்கள் இந்தப் பரீட்சையை அவ்வளவு கேவலமாகப் பேசமாட்டார்கள். ஊரில் நல்ல பள்ளி என்று நாலைந்து பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு, மூன்று இலட்சம் பிள்ளைகளை ஒரே நாளில் இருத்தி எழுத வைத்தால், பரீட்சை வேறு எப்படி இருக்கும்?

2024 செப்ரெம்பரில் நடந்த பரீட்சையில் முதல் வினாத்தாளின் கேள்விகள் மூன்று முன்கூட்டியே வெளியே வந்துவிட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி கொடுத்தார்கள். நாட்டில் ஒரே நேரத்தில் இத்தனை பிள்ளைகள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான் இருக்கும். அந்த முறை பிள்ளையை எழுத வைத்த என் மச்சாளுக்கு மட்டும் பெரிய துக்கம். "எங்கட பிள்ளை அந்த மூண்டையும் சரியாத்தானே செய்தது. இப்ப பிழையா எழுதினதுகளுக்கும் குடுத்திட்டாங்கள்!" மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னா. பிள்ளைக்கு ஒரு புள்ளியும் குறையவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் குறையாததுதான் பிரச்சினை.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் கல்விமுறை பயன்படுகிறதோ என்று யாராவது கேட்டால், பயன்படுகிற ஆட்களை நான் வரிசையாகக் காட்டுவேன்: பதாகை அடிக்கிறவர், வான் ஓடுகிறவர், மாதிரி வினாத்தாள் விற்கிறவர், தகரமும் பிளாஸ்டிக் கதிரையும் வாடகைக்கு விடுகிறவர், வெளிநாட்டில் இருந்து "எத்தினை?" என்று கேட்டு அழைப்பெடுக்கிற சொந்தக்காரர். எல்லோருக்கும் இதில் ஏதோ ஒன்று கிடைக்கிறது.

பெறுபேறு வந்தது. மருமகன் வெட்டுப்புள்ளியைத் தாண்டினான், 170ஐத் தாண்டவில்லை. மச்சானின் முகத்தில் அன்றைக்கு இருந்த ஒளியை நான் அவருடைய கலியாணத்திலும் காணவில்லை. இரண்டு நாள் வீடு வீடாக இருந்தது. வயர் திரும்பக் கொழுவப்பட்டது. மூன்றாம் நாள் படலைக்குள் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது: "2031 சாதாரண தரம் – புதிய வகுப்புகள் ஆரம்பம்."

தங்கச்சி அதை எனக்கு நீட்டினாள். "அண்ணை, இந்தச் சேரிட்ட இடம் எடுக்கிறதெண்டால் இப்பவே பதியவேணுமாம். உங்களுக்கு அவரைத் தெரியுமெல்லே?"

"தெரியும்" என்றேன்.

மருமகன் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: "மாமா, அவர் அடிக்கிறவரோ?"

எனக்கு முதல் தங்கச்சி பதில் சொன்னாள். "அடிக்காட்டி இவ்வளவு சனம் போகுமே?"