தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் யந்திரங்கள்

கேள்வி: பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. அதற்குக் கோலிக்குண்டு, கப்பி, வாளி, டாமினோ கட்டை என்று ஒரு பெரிய சம்சாரத்தையே மேஜைமேல் பரப்புவானேன்?

பதில்: பொத்தானை அழுத்துகிறவருக்குக் காரணம் தெரிகிறது, காரியமும் தெரிகிறது, இரண்டுக்கும் இடையே நிகழ்வதோ சுவருக்குள்ளே மறைந்துவிடுகிறது. அந்த மறைவை விலக்கி, குண்டு உருண்டு கட்டையைத் தள்ளுவதையும், கட்டை சாய்ந்து கயிற்றை விடுவிப்பதையும், கயிறு தளர்ந்து வாளி இறங்குவதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணால் காணும்படி செய்வதே இவற்றின் பிரயோஜனம். குழந்தைகளுக்குப் பௌதிக சாஸ்திரத்தில் ருசி உண்டாக்க இதைக் காட்டிலும் சிறந்த சாதனத்தை நான் அறியேன்.

கேள்வி: இந்த விநோதத்தைத் தொடங்கிவைத்த புண்ணியவான் யார்?

பதில்: இங்கிலாந்தில் ஹீத் ராபின்ஸன் இத்தகைய யந்திரங்களைச் சித்திரமாக வரைந்து புகழ்பெற்றவரே, ஆயினும் உலகம் முதலில் நினைப்பது அமெரிக்கரான ரூப் கோல்ட்பர்க்கைத்தான். 1883-இல் ஸான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, கலிபோர்னியா சர்வகலாசாலையில் பொறியியல் பயின்று, நகரத்தின் குடிநீர், சாக்கடை இலாகாவில் சில மாதங்கள் உத்தியோகம் பார்த்து, அதை உதறிவிட்டுப் பத்திரிகைக்குப் படம் போட வந்தவர் அவர். 1931-இல் அவர் வரைந்த தானியங்கிக் கைத்துண்டு எனக்கு மிகவும் பிரியமானது. சூப் அருந்துகிறவர் கரண்டியை உயர்த்தியதும் கயிறு இழுபட்டு, அகப்பை ஒரு பிஸ்கோத்தை வீச, அதைப் பிடிக்கக் கிளி தாவ, கிளி நின்ற கழி சாய்ந்து விதைகள் வாளியில் கொட்ட, கனத்த வாளி இறங்கி லைட்டரைப் பற்றவைக்க, வாணம் கிளம்ப, அதோடு பிணைத்த அரிவாள் மற்றொரு கயிற்றை அறுக்க, ஊசலில் கட்டிய துண்டு ஆடி ஆடி அவருடைய மோவாயைத் துடைக்கிறது! காகிதத்தில் அவர் கண்ட கனவுகளைக் கைகளால் நிறைவேற்றும் போட்டியை 1949-இல் பர்டியூ சர்வகலாசாலையின் பொறியியல் மாணவர் சங்கங்கள் இரண்டு ஆரம்பித்தன. 1955-க்குப் பிறகு நின்றுபோன அது 1983-இல் புத்துயிர் பெற்று, 1988-இல் தேசியப் போட்டியாக வளர்ந்தது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனையையும் யந்திரத்தில் ஓர் அங்கமாகச் சேர்க்கலாமா?

பதில்: கோல்ட்பர்க்கின் கிளி காகிதக் கிளி, ஆகவே அது குறித்த க்ஷணத்தில் தாவியது. பூனையைப் பக்கத்து அறையில் வைத்திருப்பதே உசிதம்.

கேள்வி: விரலால் லேசாகத் தொட்டது, முழ உயரக் கட்டையைக்கூட வீழ்த்துகிறதே, அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது?

பதில்: விரல் கொடுப்பது அனுமதி மாத்திரமே. நெட்டுக்குத்தாக நிற்கும் ஒவ்வொரு கட்டையிலும், அதை நிமிர்த்திய கையின் உழைப்பு சேமிப்பாக உறைந்திருக்கிறது. கட்டை விழும்போது வெளிப்படும் அச்சக்தி, அடுத்ததைச் சாய்க்க வேண்டிய அளவைக் காட்டிலும் அதிகமாதலால், அடுத்தது சற்றுப் பெரிதாகவும் இருக்கலாம். கனடாவைச் சேர்ந்த பௌதிக அறிஞர் லோர்ன் ஒயிட்ஹெட், ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதான 13 கட்டைகளைக் கொண்டு 1983-இல் இதை விளக்கினார். முதற்கட்டை 5 மில்லிமீட்டர் உயரமானால், பதின்மூன்றாவது 60 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

கேள்வி: என் மகன் இருபது படிகள் கொண்ட யந்திரம் கட்டியிருக்கிறான். ஒவ்வொரு படியும் தனியாக நன்றாகவே ஓடுகிறது. சேர்த்து ஓட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது. அவனுக்குச் சாமர்த்தியம் போதாதோ?

பதில்: பையனைக் குறை சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 95 முறை தவறாமல் நடந்தாலும், இருபதும் ஒருசேர நடப்பது நூற்றுக்கு 36 முறைதான். அந்த 95-ஐ 99 ஆக்கிவிட்டாலோ 36 என்பது 82 ஆகிறது. ஸ்விட்ஸர்லாந்துக் கலைஞர்களான ஃபிஷ்லியும் வைஸும் டயர், ஏணி, நுரை, நெருப்பு இவற்றைக்கொண்டு ஒன்று மற்றொன்றைத் தள்ளிச் செல்வதாக 1987-இல் எடுத்த அரைமணி நேரப் படத்திலும், தனித்தனியே எடுத்த துண்டுகளைச் சேர்த்த ஒட்டுகள் உண்டு என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். முழுவதையும் மீண்டும் மீண்டும் ஓட்டிக் களைப்பதைவிட, தயங்குகிற இணைப்பைத் தனியே எடுத்து, அது பிடிவாதமாக வெற்றி பெறும் வரையில் திருத்தட்டும். குண்டு கிளம்பும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். டாமினோ வரிசையில் ஆங்காங்கே நாலைந்து கட்டைகளை எடுத்து வைத்து, எல்லாம் தயாரான பின்பே அந்த இடைவெளிகளை நிரப்பட்டும். அதற்குள் யாருடைய முழங்கை பட்டாலும் ஒரு பகுதியோடு போகும்.