பழி கேட்கவில்லை, தண்ணீர் கேட்டார்கள்

கேள்வி: கம்பெனி முதலாளியைப் பெண்கள் கூட்டுச் சேர்ந்து பழிவாங்கும் சீரியல் பார்க்கிறேன். நம்ம ஏரியாவில் இதெல்லாம் நடக்குமா?
– ஒரு வாசகி, பிள்ளைப்பாக்கம்

பதில்: நடந்ததே, உங்களுக்குப் பக்கத்திலேயே! 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தோழிகள் ஆஸ்பத்திரியில் சேர, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்த ஐபோன் ஆலை மூடப்பட்டது. மறுபடி இயங்க 2022 ஜனவரி 12 ஆனது. அதற்குள் ஆப்பிளே அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்துவிட்டது.

சீரியல் நாயகி முதலாளியின் நாற்காலியைக் கேட்பாள். இவர்களுக்கு வேண்டியிருந்தது நல்ல சோறும் மனுஷி தங்கக்கூடிய அறையும். சில விடுதிகளில் கழிவறையில் தண்ணீர்கூட வரவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள், சந்தோஷம். ஆனால், குழாயில் தண்ணீர் வர நெடுஞ்சாலை ஏன் நிற்க வேண்டியிருந்தது?