செருப்பை உதறிப் போடு

1970களில் புனேயின் கட்கியில் எங்கள் கால்களைப் பார்க்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டாக்டர்தான் அந்தப் பட்டியலில் கிடையாது. சேற்றுப்புண் அம்மாவின் இலாகா. அங்கே ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர்வரை விடாது; விரலிடுக்கில் மருதாணியை அப்பிவிட்டு, "இனிமே தண்ணியில கால வச்சே, ஒடிச்சிடுவேன்" என்பாள். பித்தவெடிப்புக்குக் கோகம் எண்ணெய். பெயர்தான் எண்ணெய்; கட்டியாக இருக்கும், சூடு காட்டி உருக்கி வெடிப்பில் விட வேண்டும்.

அப்பாவின் கால் ஆணியைக் கவனித்தவர், வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர். ஆணியைத் தொடவே மாட்டார். எங்கே அழுந்துகிறது என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, செருப்பின் உள்தோலில் அதே இடத்தில் நாலணா அகலத்துக்கு ஒரு குழி வெட்டிக் கொடுப்பார். அப்பா நொண்டாமல் ஷிப்டுக்குப் போவார்.

பக்கத்து வீட்டு மாவ்ஷியிடம் ஒரு வெண்கலக் கிண்ணம் இருந்தது. உள்ளங்காலில் நெய் தடவி அதால் வட்டமாகத் தேய்ப்பாள். கொஞ்ச நேரத்தில் கால் கருத்துவிடும். "பார், உடம்புச் சூடெல்லாம் வெளியே வருது!" உலோகத்தோடு நெய்யும் வியர்வையும் சேர்ந்தால் யார் காலும் கருக்கும் என்று அவளிடம் சொல்ல எங்களில் யாருக்குத் தைரியம்? இன்று அந்தக் கிண்ணத்துக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள். நாற்காலியில் சாய்ந்து, சுழலும் வெண்கலத் தட்டில் காலை வைத்தால் போதும். கால் அதே கறுப்பு. நிமிஷக் கணக்கில் காசு.

அண்ணாவுக்குச் சர்க்கரை வந்து வெகுநாள் ஆயிற்று. மே மாத மொட்டை மாடியில் வெறுங்காலோடு வடாம் காய வைப்பார். "எனக்குச் சுடவே சுடாது" என்பது அவர் பெருமை. கால் டாக்டரம்மா அதற்குக் கைதட்டவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிந்தால் 'ஆமாம்' என்று சொல்லச் சொன்னார். தொடாதபோதும் அண்ணா 'ஆமாம்' என்றார். அப்பாவைப் போலவே ஃபேக்டரியில் ஆஜர் கொடுத்துப் பழகிய வாய்.

பிறகு பாத அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் படம் எடுத்தது. சிவப்பாகத் தெரிந்த இடத்துக்கு நேரே பள்ளம் விட்டு இன்சோல் தயாராயிற்று. நாலணாக் குழிதான், விலை மட்டும் அப்பாவின் அரை வருஷச் சம்பளம்.

வழுவழுத் தாளில் அறிவுரைகள் வேறு. விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்கவும். கால் ஆணியை வீட்டில் வெட்ட வேண்டாம். செருப்பைப் போடுமுன் உதறிப் பார்க்கவும். அம்மா இதே கடைசி வரியைத் தினம் கத்தினாள், தேளுக்குப் பயந்து. டாக்டர் பயப்படுவது சின்னக் கல்லுக்கு. மரத்த காலுக்குக் கல் குத்துவது தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகுதான் சாக்ஸில் ஈரம் தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் அம்மா தோற்றாள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாதாம். அதற்கு எம்.சி.ஆர். செருப்பு. 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் புண்ணாவது வலி தெரியாமல் போவதால்தான் என்று கண்டவர். அந்தக் கால்களுக்காக வேலூரும் கரிகிரியும் பக்குவப்படுத்திய மெத்தென்ற ரப்பர் இது. ஆக, வட ஆற்காட்டிலிருந்து புனேக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அண்ணா இப்போது அதைப் போட்டுக்கொண்டே கூடத்தில் நடக்கிறார். அம்மா படத்தைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக.

போன ஆஷாட ஏகாதசி யாத்திரையின்போது மறுபரிசோதனைக்கு நாள் கேட்டு போன் செய்தேன். ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் ஞானேஸ்வரர், துக்காராம் பாதுகைகள் பல்லக்கேறி ஊருக்குள் வந்து தங்கியிருந்த சமயம். பண்டரிபுரத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர் நடக்கிற வார்க்கரிகளின் காலை அமுக்கிவிடத் தெருவெல்லாம் தொண்டர்கள். டாக்டர் இல்லை என்றாள் ரிசப்ஷன் பெண்.

"வார்க்கரிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்காங்களா?"

"இல்ல காகா, அவங்களும் நடக்கிறாங்க."

"செருப்போடதானே?"

அவள் சிரித்தாளே தவிர, பதில் சொல்லவில்லை.