பொங்கலுக்கு முன்னாலயே கரும்பு

என்னடா கண்ணு, கரும்பும் கையுமா வர்றே? பொங்கலுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்குதே!

சரி, நெடுக்கால பொளந்து காட்டு. செவ்வழுகலா? போடா. செவ்வழுகல்னா செவப்புக்கு நடுவுல குறுக்கால வெள்ளைத் திட்டு நிக்கும், சாராய வாசம் அடிக்கும். அந்த வாசம் எப்படியிருக்கும்னு மட்டும் என்னைக் கேட்டுராதே. இது ஊதாவும் பழுப்புமா, கணுவிடையில படகாட்டம் குழிஞ்சு கெடக்குது. வாடல் நோய்.

"மழையே இல்லாத வருசத்துல பூஞ்சாணம் எப்படிங்க பெரியப்பா வரும்?" நல்லாக் கேட்டே. அது பியூசேரியம். மண்ணுலயும் நீ வெச்ச கரணையிலயும் முன்னாலயே குடியிருந்திருக்கும். தெம்பான கரும்பு, உள்ள வந்தவனைச் சுத்திச் சுவர் எழுப்பிப்போடும். வேர் காஞ்சு உசுரைப் புடிச்சுட்டு நிக்கறது எங்கிருந்து சுவர் கட்டும்? செத்த வேர், புழு போட்ட ஓட்டை, எல்லாமே தொறந்த வாசல். அப்பறம் வாய்க்கால்ல தண்ணி வந்ததும் பார் முங்க நிறுத்துனே பாரு, பட்டினி கெடந்தவனுக்குக் கெடா விருந்து!

மருந்துக்கடைக்காரன் புது வண்டி வாங்கியிருக்கானாம். உன்ற பங்கும் அதுல இருக்குது, ஒரு சுத்து ஏறிட்டு வா. தண்டுக்குள்ள உக்காந்திருக்கறவனுக்குத் தோகை மேல அடிச்சா உறைக்குமா?

அதோட, கட்டைக் கரும்புல கருப்புச் சாட்டை மொளைச்சிருந்துச்சாமே. புடுங்கி வீசிட்டே ஊட்டுக்கு நடந்தியாம். அது கரிப்பூட்டை. சாட்டையில இருக்கற கரி பூராம் விதை. ஈரமண்ணுல விழுந்தது மொளைச்சுச் செத்துப்போகும், காஞ்ச மண்ணுல பத்திரமாக் கெடக்கும். வறட்சி வருசத்துக் கட்டைக் கரும்புல அது எச்சா வர்றது சும்மாவா? சாக்கை மேல கவுத்துக் கட்டி, தூரோட தோண்டிக் கொளுத்தியிருக்கோணும்.

2016-ல வடகிழக்கு மழை 62 சதவீதம் பொய்ச்சப்ப நானும் உன்னாட்டந்தான். ஒரு தடவை கட்டை விட்டுப் பாக்கலாம்னு ஆசைப்பட்டேன். அந்த வெவரத்தை உன்ற பெரியம்மாகிட்டக் கேக்காதே.

கட்டையைப் பேத்துப்போடு. அந்தக் காட்டுல நெல்லு வை. அடுத்த நடவுக்கு நோயில்லாத காட்டுக் கரணையா வாங்கி, 50 டிகிரி நீராவிக்காத்துல ஒரு மணி நேரம் காட்டிட்டு நடு. நட்டதுல சோகையைக் கொளுத்தாம பாருக்கு நடுவுல மூடாக்காப் போடு. இருக்கற தண்ணியைப் பங்கிட்டுச் சிறுகச் சிறுக வுடு.

எங்க எந்திரிச்சுட்டே? அந்தக் கரும்பை எடுத்துட்டுப் போடா. என்ற காடு பக்கத்துலதான் இருக்குது.