பச்சை அங்கிக்குள் ஒரு கும்மிடிப்பூண்டிக்காரன்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

பச்சை அங்கியில் நான் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "எந்த மடத்துல போய்ச் சேர்ந்துட்டான்?" என்று கேட்டதாகவும், மாமா, "மடமாவது, வக்கீலுக்குப் படிக்கிறான், கலர்தான் தப்பு" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். இரண்டும் இல்லை. அது சுற்றுலாப் பயணி வேஷம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஜாமே சூலியா பள்ளிவாசலைப் பார்க்கப் போனேன். முட்டி தெரிந்தால் உள்ளே போகக்கூடாது. எனக்கு முட்டி தெரிந்தது, அங்கி கொடுத்தார்கள். அவ்வளவுதான் கதை.

அரைக்கால் சட்டையோடு யாராவது பள்ளிவாசலுக்குப் போவார்களா என்று அம்மா ஆரம்பிக்கும். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை அரைக்கால் சட்டைதான் அக்கா. கோடீஸ்வரனும் அதில்தான் சுற்றுகிறான், டாங்கர் குழாய்க்கு வெல்டிங் வைக்கிற நானும் அதில்தான் சுற்றுகிறேன். ஆறு நாளும் பாய்லர் சூட்டும் ஷூவும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு வேகிறவன், ஏழாம் நாள் காலுக்குக் கொஞ்சம் காற்று காட்டக் கூடாதா?

அங்கி இலவசம். போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருப்பதிலேயே சின்னதாகக் கேட்டு வாங்கினேன். அதுவே தரையைத் தொட்டு, அதற்கு மேலும் அரை அடி மிச்சம் கிடந்தது. வெள்ளைக்காரனை மனதில் வைத்துத் தைத்தது. நம் வீட்டு உயரம்தான் உனக்குத் தெரியுமே. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நடந்தால் நான் முன்னால் போனேன், அங்கி பின்னால் வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அங்கிக்குப் பை கிடையாது. ஃபோன் இருப்பது உள்ளே, அரைக்கால் சட்டைப் பையில். ஃபோனை எடுக்க அங்கியை இடுப்பு வரைக்கும் தூக்க வேண்டும். தூக்கினால் எந்த முட்டியை மறைக்க அங்கி கொடுத்தார்களோ, அந்த முட்டி இரண்டும் ஊருக்கே தெரியும். வெளியிலிருந்து தடவி ஃபோன் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து, கழுத்து வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன். கை உள்ளே மாட்டிக்கொண்டது. கூட வந்த மன்னார்குடிக்காரன் முழு பேண்ட் போட்டிருந்தான். அவனுக்கு அங்கி இல்லை, எனக்கு உதவுகிற எண்ணமும் இல்லை. சுவரில் சாய்ந்து சிரித்தபடி படம் எடுத்தான். நீங்கள் பார்த்தது அதில் ஒன்று. மற்றதை அழிக்கச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அழித்தானா தெரியாது.

இதற்குப் பிறகுதான் விஷயம். வாசல் வரலாற்றுப் பலகையைப் படித்துவிட்டு முற்றத்தில் நின்றேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நேரே என்னிடம் வந்து கும்பிட்டு, "இந்த மசூதி எப்போது கட்டியது?" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். அங்கியைப் பார்த்து என்னைப் பள்ளிவாசல் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அவர்களைப் போலத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்கான இங்கிலீஷ் சட்டென்று வரவில்லை, பதிலுக்கான இங்கிலீஷ் பலகையிலிருந்து அப்போதுதான் உள்ளே போயிருந்தது. எடுத்து விட்டேன். 1826-ல் அன்சர் சாயிபு தலைமையில் ஆரம்பித்தார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1830-ல் தொடங்கி 1835-ல் முடிந்தது. கட்டியவர்கள் சூலியாக்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகள். "மை பீப்பிள்" என்று சேர்த்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

முகப்பைக் காட்டினேன். இரண்டு பக்கமும் எண்கோணமாக உயர்ந்த மினாராக்கள், நடுவில் வாசலுக்கு மேலே குட்டிக் குட்டி ஜன்னல் வைத்த பொம்மை அரண்மனை. திருவிழாக் கூத்தில் கட்டியங்காரன் வந்து ராஜா யார், சபை எது என்று சொல்வானே, அப்படி நடந்து நடந்து சொன்னேன். என்ன, கட்டியங்காரனுக்கு உடுப்பு அளவாக இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கே சந்தேகம். தெருவுக்கு நேராக நிற்கும் வாசலிலிருந்து பார்த்தால் உள்ளே தொழுகைக் கூடம் கோணலாக இருக்கிறது. சிப்காட்டில் ஒரு ஷெட்டுக்கு நாங்கள் தூண் நிறுத்திய காலத்தில் ஒரு நூல் விலகினால் சூப்பர்வைசர் எங்கள் பரம்பரையையே இழுப்பார். மூலமட்டம் வைக்காமலே கண் சொல்லிவிடும். பாவம், 1830-ல் மேஸ்திரி கோட்டைவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது: வாசல் தெருவுக்கு மரியாதை செய்கிறது, கூடம் மக்காவைப் பார்க்கிறது. வெள்ளைக்காரன் கோடு போட்ட தெருவுக்காகத் தொழுகைத் திசையைத் திருப்ப முடியுமா? தெருவுக்கு ஒரு முகம், தொழுகைக்கு ஒரு முகம் என்று கட்டிவிட்டார்கள். அந்தக் கொத்தனாருக்கு மனதுக்குள் ஒரு சலாம் போட்டேன்.

தம்பதி என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த நாட்டு ஆல்பத்திலோ நான் இனி பள்ளிவாசல் கைடு.

அவர்கள் போனதும் பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல். "நல்லாத்தான் சொன்னீங்க தம்பி. மினாராவ மட்டும் கோபுரம் கோபுரம்னு சொல்லிட்டு இருந்தீங்க." வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, அப்பா வயது. அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அங்கிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் என்றிருந்தது, இடமும் இருந்தது. அவரோ உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"எந்த ஊரு?"

"கும்மிடிப்பூண்டி."

"ஆந்திராவா?"

பார்த்தாயா? மன்னார்குடிக்காரன் கேட்டான், டார்மிட்டரியில் கேட்டார்கள், இப்போது இவரும் கேட்டுவிட்டார். தமிழ்நாடுதான் பாய், திருவள்ளூர் மாவட்டம், சென்னையிலிருந்து லோக்கல் ரயிலே வரும் என்றேன். நம்பின மாதிரி இல்லை. அங்கே சுவரில் இருந்த படத்தில் "கோரமண்டல் கரை" என்று நம் பக்கம் நெடுகக் கோடு போட்டிருந்தது. சூலியாக்கள் வந்த கரை. அது எங்க கரைதான் என்று விரலை வைத்தேன். நமக்குக் கோரமண்டல் என்றால் பிளாட்பாரத்தில் புழுதியைக் கிளப்பிவிட்டு நிற்காமல் போகிற ஹவுரா ரயில். அந்தப் பெயரை நின்று நிதானமாகப் பார்க்க நான் சிங்கப்பூர் வரவேண்டியிருந்தது.

"பழவேற்காடு பக்கம்" என்று சொன்னதும் பாய் முகம் மாறியது. தன் கைலியை இழுத்துக் காட்டி, "இது என்ன தெரியுமா? மலாய்க்காரங்க கெயின் பெலிக்காட்ம்பாங்க. உங்க ஊருப் பேருதான்" என்றார். அந்தக் காலத்தில் பழவேற்காட்டுத் துறையிலிருந்து கட்டம் போட்ட துணி இந்தப் பக்கத் தீவுகளுக்கெல்லாம் கப்பலில் வந்ததாம். துணி வருவது நின்று எத்தனையோ காலம் ஆகியும் பெயர் இவர்கள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மன்னார்குடிக்காரன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கொஞ்சம் பொறுத்து, "எங்க நாகூரு இங்க தர்காவே கட்டியிருக்கு" என்றான். அதுவும் உண்மைதான். தெலுக் ஆயர் தெருவில் 1828-லிருந்து 1830-க்குள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. இவன் மன்னார்குடி, நாகூர் எப்படி இவன் ஊராயிற்று என்று நான் கேட்கவில்லை. நான் கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு எப்படி என் ஊர் என்று அவன் திருப்பிக் கேட்டால்?

பாய் பிறந்ததே இங்கேதானாம். இந்தப் பள்ளிக்குத் தமிழில் பெரிய பள்ளி என்றே பெயர், வெள்ளிக்கிழமை குத்பா சொற்பொழிவும் தமிழில்தான். பக்கத்திலேயே மாரியம்மன் கோயில், 1827-ல் நாராயண பிள்ளை ஆரம்பித்தது. ஐப்பசியில் அங்கே தீமிதி. கோயிலுக்கு ஒரு பக்கம் பகோடா தெரு, பள்ளிவாசலை ஒட்டி மாஸ்க் தெரு. இவ்வளவும் சைனா டவுனுக்கு நடுவில். அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மனுக்கும் ஒரு கும்பிடு போட்டேன் என்று அம்மாவிடம் சொல்லு. முட்டி விஷயத்தைச் சொல்லாதே.

டார்மிட்டரிக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. பழவேற்காட்டுக்கு அப்பா நம்மை எத்தனை தடவை கூட்டிப் போயிருக்கிறார். படகு, நண்டு, டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு, அதைப் பார்த்து நீ அழுதது. அங்கேயும் பெரிய பள்ளிவாசல் உண்டு. சின்னப் பள்ளிவாசலும் உண்டு, தொழுகை நேரம் பார்க்க நிழல் கடிகாரத்தோடு. நண்டை மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிவாசல் தெரு வழியாகவே பஸ்ஸுக்கு ஓடிவந்திருக்கிறோம், ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பினதில்லை. அங்கே நமக்குக் காட்ட யாரும் இல்லை, ஒரு பலகையும் இல்லை. இங்கே இருநூறு வருஷம் முழுசாக ஆகாத கட்டடத்தை 1974-லேயே தேசிய நினைவுச் சின்னமாக்கி, வருகிறவனுக்கு அங்கியும் தந்து கதையும் சொல்கிறார்கள். நம் பக்கம் டச்சுக்காரன் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை எங்கே என்று கேட்டால் புதரைக் காட்டுவார்கள்.

அந்தக் கோட்டைத் துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை அக்கா. பஞ்ச காலத்தில் நம் கரை ஜனங்களை அடிமைகளாக வாங்கி ஏற்றி, படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு விலை வைத்து விற்றார்கள், நான் ஏஜென்டுக்குக் காசு கொடுத்து வந்தேன். முன்னேற்றம்தான். கடன் இந்தத் தீபாவளியோடு முடிந்துவிடும், அம்மாவிடம் சொல்லிவிடு.

உன்னிடம் ஒரு வேலை. பொங்கல் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரியில் பஸ் ஏறு. அப்போது ஏரிக்குப் பூநாரையும் வந்திருக்கும், மாமாவுக்கு நண்டும் கிடைக்கும். சின்னப் பள்ளிவாசலில் பெரியவர் யாரையாவது கேட்டு அந்த நிழல் கடிகாரத்தைப் பெரியவனுக்குக் காட்டு. இந்திய நேரத்தை எண்பத்திரண்டரை டிகிரிக் கோட்டில் கணக்குப் போட்டிருக்கிறார்கள், நாம் எண்பது சொச்சத்தில் இருக்கிறோம். அதனால் நம் ஊர்ச் சூரியன் ரயில்வே நேரத்துக்குப் பெரும்பாலும் கொஞ்சம் பின்னால்தான். தை மாதத்தில் கால் மணிக்கு மேலேயே பிந்தும். நிழல் காட்டும் நேரத்தையும் ஃபோன் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லு, சரியாக இருந்தால் அவனுக்கு இங்கிருந்து நல்ல கடிகாரமாக வாங்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதே, தொழுகைக் கூட்டமாக இருக்கும்.

உன் தம்பி